புகார்: மாவைப் பிடித்து நிறுத்தும் சாந்தன் கம் எங்கே போனது, மைதா எங்கிருந்து வந்தது?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை மேலாளர் அவர்கள் (பெயர் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள்)

பொருள்: உங்கள் குளூட்டன் இல்லாத பேக்கிங் மாவு, 1 கிலோ நீல பாக்கெட்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். 6 வாரம், 11 முறை போன், "உங்கள் புகாருக்குத் தீர்வு அளிக்கப்பட்டது" என்று 4 குறுஞ்செய்தி, ஒரு வீண் அலைச்சல். இத்தனைக்குப் பிறகும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆகவே பழைய வழக்கப்படி தாளும் பேனாவும் எடுத்துவிட்டேன். கோபப்படாமல் எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருடமாக உங்கள் நீல பாக்கெட்டைத்தான் வாங்குகிறோம். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. என் மனைவிக்கு சீலியாக் நோய். அது என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை, உங்கள் பாக்கெட்டின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். கோதுமை, பார்லி, ரை எதுவும் ஆகாது, அவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் காரணம். கொஞ்சம் உள்ளே போனாலும் உடலே தன் சிறுகுடலைத் தாக்க ஆரம்பித்துவிடும், குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும். மருந்து கிடையாது, ஆயுளுக்கும் பத்தியம்தான் வழி. அதற்காகவே எங்கள் வீட்டில் டோஸ்டர், வெட்டும் பலகை, ஜல்லடை எல்லாம் தனி.

நோய் தெரிவதற்கு முன் அவளுக்கு உயிரான பண்டம் கந்தூச்சி. இத்தாலியில் தஸ்கனிப் பக்கம் பிராத்தோ ஊரின் பாதாம் பிஸ்கொத்தி. வெண்ணெய் எதுவும் போடாமல், மாவு, சர்க்கரை, முட்டை, தோல் உரிக்காத பாதாம் இவற்றை வைத்துச் செய்வது. கல் மாதிரி இருக்கும், காபியில் தோய்த்தால் கரையும். உங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அதற்கான செய்முறையே இருந்ததால்தான் முதன்முதலில் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே செய்வேன். எனக்கு வரும் ஒரே சமையல் இது. அதிலும் இப்போது மண்ணைப் போட்டுவிட்டீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். புது பாக்கெட். உங்கள் செய்முறைப்படியே 300 கிராம் மாவு, 150 கிராம் சர்க்கரை, 2 முட்டை, 150 கிராம் பாதாம், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். பிசைந்து, நீளக் கட்டையாக உருட்டி, 180 டிகிரியில் 25 நிமிடம். வெளியே எடுக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேலே இரண்டு விரிசல், அது எப்போதும் வருவதுதான். பத்து நிமிடம் ஆறவிட்டு, சாய்வாகத் துண்டு போட கத்தியை வைத்தேன். முதல் இழுப்பிலேயே ஓரம் சரிந்தது. இரண்டாவது இழுப்பில் ஒரு பாதாம் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வர, அது இருந்த இடத்தைச் சுற்றி மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. ஈர மணல் வீட்டைக் குழந்தை காலால் தட்டிவிட்டது போல. கடைசியில் முழுசாகக் கிடைத்தது இரண்டு துண்டு. அவற்றையும் ஓவனில் புரட்டிப் போடும்போது ஒன்று போனது.

பிஸ்கொத்தி என்ற சொல்லுக்கே இரண்டு முறை வெந்தது என்றுதான் பொருள். உங்கள் மாவில் இரண்டாவது முறை வேகவைக்க எதுவும் மிஞ்சவில்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். 180 என்று திருப்பினால் 172 காட்டியது. சரி, அதைச் சரிக்கட்டி இரண்டாவது முறை செய்தேன். அதே பொடி. கத்தி மொக்கையோ என்று ரம்பப் பல் வைத்த புது பிரெட் கத்தி வாங்கினேன். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும் என்பதால் பிசைந்த மாவை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாவது முறை செய்தேன். கட்டை முழுக்க ஆறும்வரை இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நறநறப்பு குறைந்தது, உதிர்வது குறையவில்லை.

அப்புறம்தான் உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தவர், "மாவை இன்னும் நல்லா அழுத்திப் பிசையுங்க சார், இழுவை வரும்" என்றார். இழுவை என்பதுதானே ஐயா குளூட்டன்? அது இல்லை என்பதற்காகத்தானே சாதா மாவைப் போல மூன்று மடங்கு விலை கொடுக்கிறோம்? இல்லாததை எத்தனை பிசைந்து வரவழைப்பது? ஆனாலும் அவர் மரியாதையாகப் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வரிசையாக எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அந்த ஏழாவது அழைப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கை நடுங்குகிறது.

அன்று எடுத்தவர் நான் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. "சார், வீட்டுல லேடீஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க, அவங்களுக்குப் புரியும்" என்றார். செய்தது நான்தான், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். ஒரு சிரிப்பு. பிறகு சொன்னார்: "ரெண்டு ஸ்பூன் மைதா கலந்துக்கங்க சார், சூப்பரா பிடிச்சுக்கும். ரெண்டு ஸ்பூன்ல என்ன ஆகிடப்போவுது?"

மீண்டும் படியுங்கள். குளூட்டன் இல்லாத மாவு விற்கும் நிறுவனத்தின் ஊழியர், அந்த மாவில் மைதா கலக்கச் சொல்கிறார். யாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாரோ, அந்தப் பெண் சாப்பிடுவதற்கு!

என்ன ஆகிவிடும் என்றுதானே கேட்டார், கணக்குப் போட்டே காட்டுகிறேன். இரண்டு மேசைக்கரண்டி மைதா சுமார் 16 கிராம் வரும். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் அதில் 1 கிராம் குளூட்டன் இருக்கும், அதாவது 1000 மில்லிகிராம். உங்கள் செய்முறையில் வெந்து வருவது ஏறத்தாழ 600 கிராம் பிஸ்கொத்தி. ஆக கிலோவுக்கு 1600 மில்லிகிராமுக்கு மேல். குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். எண்பது மடங்கு! "என்ன ஆகிடப்போவுது" என்பதற்கு இதுதான் பதில். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாகத் தொடக்கத்தில் ஒரு பெண் குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தயவுசெய்து நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள். நான் மிகைப்படுத்துகிறேனா என்று தெரியும்.

அந்த அழைப்பு முடிந்த பத்தாவது நிமிடம் குறுஞ்செய்தி வந்தது, புகாருக்குத் தீர்வு அளிக்கப்பட்டதாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வேறு கேட்டிருந்தது.

நடுவில் ஒருவர் உருப்படியாகப் பேசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது அழைப்போ ஆறாவதோ. "சார், அமரெத்தி பிஸ்கட் பண்ணுங்களேன், பாதாம் பொடி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு போதும், அதுல மாவே கிடையாது, அதனால குளூட்டனும் கிடையாது" என்றார். செய்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று, அருமையாக வந்தது. அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் பொருளில் வந்த கோளாறுக்கு உங்கள் நிறுவனம் தந்த ஒரே நல்ல யோசனை, உங்கள் பொருளே தேவைப்படாத ஒரு பண்டம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பயணம். எட்டாவது அழைப்பில், பாக்கெட்டை உங்கள் மண்டல அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்தால் சோதனைக்கு அனுப்புவோம் என்றார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மீதி மாவு, உதிர்ந்த பொடி, ரசீது, படங்கள் எல்லாம் எடுத்துப் போனேன். வரவேற்பில் இருந்தவர் பாக்கெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது பிரிச்ச பாக்கெட் சார். பிரிக்காத பாக்கெட்டா இருந்தாத்தான் எடுப்போம்." பிரிக்காமல் எப்படிப் பேக் செய்வது என்று கேட்டேன். விதிமுறை அதுதான் என்றார். பிரிக்காத பாக்கெட்டில் என்ன குறை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்டேன். அதற்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அங்கே எனக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தவர் வாசல் காவலாளி மட்டும்தான். அவரை வேண்டுமானால் கஸ்டமர் கேரில் உட்கார வையுங்கள்.

இதையெல்லாம்விட முதலில் எழுதியிருக்க வேண்டியதை இன்னும் எழுதவில்லை. கோளாறு என்ன என்று நாங்களே கண்டுபிடித்துவிட்டோம். நான் திரும்பி வந்த அன்று இரவு என் மனைவி தன் ஃபைலை எடுத்தாள். நோய் தெரிந்த நாளிலிருந்து அவள் சாப்பிடும் ஒவ்வொன்றின் லேபிளையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். உங்கள் பழைய பாக்கெட்டில் இருந்தது: அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சாந்தன் கம். புது பாக்கெட்டில்: அரிசி மாவு, சோள ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச். அவ்வளவுதான். சாந்தன் கம்மைக் காணோம். குளூட்டன் செய்யும் வேலையை, அதாவது பிடித்து நிறுத்தும் வேலையை, அந்த மாவில் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு, முன்பக்கம் "மேம்படுத்தப்பட்ட கலவை" என்று மஞ்சள் நட்சத்திரம் ஒட்டியிருக்கிறீர்கள். பின்பக்கச் செய்முறையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அவள் லேபிள் படிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் நாங்கள் தேடிப் பழகியது கூடாதது எதுவும் உள்ளே வந்திருக்கிறதா என்று. இருந்த ஒன்று காணாமல் போயிருக்குமா என்று யார் தேடுவார்கள்?

சந்தேகம் தீர, உங்கள் மாவை 150 கிராம், 150 கிராமாகப் பிரித்தேன். ஒரு பாதியில் மட்டும் தனியாக வாங்கிய சாந்தன் கம் அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டேன். மற்றதெல்லாம் ஒன்றே, ட்ரேயும் ஒன்றே. கம் போட்ட கட்டையை விரலால் தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது, லேசாக மீண்டு வந்தது. கத்தி சர்ரென்று இறங்கியது. பன்னிரண்டு துண்டு, ஒன்றும் உடையவில்லை, வெட்டின பாதாம் கண்ணாடி போலத் தெரிந்தது. பக்கத்துக் கட்டை வழக்கம்போலப் பொடி. படங்கள் இணைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லத்தான் ஒன்பதாவது, பத்தாவது அழைப்புகள். "கலவை விவரம் நிறுவன ரகசியம்" என்றார்கள். பாக்கெட்டிலேயே அச்சடித்து விற்கும் ரகசியத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பதினொன்றாவது அழைப்பில் காத்திருக்கும் இசை மட்டும் 40 நிமிடம்.

நஷ்டக் கணக்கு இது. மாவு 2 பாக்கெட், ஏறத்தாழ அரைக் கிலோ பாதாம், முட்டை, சர்க்கரை, வெப்பமானி, கத்தி, போக வரச் செலவு. எண்ண முடியாதவை: ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், என் ரத்த அழுத்தம், பிஸ்கொத்தி செய்யத் தெரிந்தவன் என்று இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே மதிப்பு. கடைசியாகச் சொன்னதை நீங்கள் எத்தனை பாக்கெட் இலவசமாகத் தந்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே பரிசுக் கூப்பன் அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

நான் கேட்பது அதிகமில்லை. சாந்தன் கம் எடுக்கப்பட்டதா, எப்போதிலிருந்து என்று எழுத்தில் பதில் வேண்டும். கடையில் இருக்கும் பாக்கெட்டுகளின் செய்முறையைத் திருத்துங்கள், அல்லது கம் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி ஒட்டுங்கள். மேலே உள்ள செலவைத் திருப்பித் தாருங்கள், ரசீதுகள் உள்ளன. அந்த ஏழாவது அழைப்புக்காரரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கும் வீடு வாசல் இருக்கும். ஆனால் சீலியாக் என்றால் என்ன என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். வேறு யாராவது அவர் பேச்சை நம்பி மைதா கலந்திருந்தால் என்ன செய்வது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

15 நாள் காத்திருப்பேன். பதில் வராவிட்டால் இதே கடிதம், இதே லேபிள்கள், இதே படங்களோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் நுகர்வோர் மன்றத்துக்கும் போகும். அழைப்புப் பதிவையும் அங்கே கேட்டு வாங்குவேன். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பழைய மாவு உண்மையிலேயே நல்ல மாவு. அது திரும்பி வந்தால் மறுபடி வாங்கப்போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்று வருட வாடிக்கையாளர்

இணைப்பு: பழைய, புதிய லேபிள்களின் நகல், 9 படங்கள், ரசீதுகள். காற்றுப் புகாத பையில் மூன்றாவது முறை செய்ததன் பொடி 200 கிராம். பிரித்த பாக்கெட்டிலிருந்து செய்ததுதான், பொறுத்துக்கொள்ளவும்.