ஒரு சாம்பல் பெட்டி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பால்வினை நோய்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பிலேயே 'தகாத', 'தீராத' என்று இரண்டு சொற்கள். இரண்டும் தவறு. வெட்டை (கொனோரியா), மேகப்புண் (சிஃபிலிஸ்), கிளமிடியா எல்லாம் மருந்தால் முழுமையாகத் தீரக்கூடியவை. எய்ட்ஸ் கிருமியைக்கூட, ஒழிக்க முடியாவிட்டாலும், ஏ.ஆர்.டி. மாத்திரையால் வாழ்நாள் முழுக்க அடக்கி வைக்க முடிகிறது. 'தகாத' என்பதற்கு வருகிறேன். தாலி கட்டியவரிடமிருந்தே நோயை வாங்கிக்கொண்ட பெண்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தகாத காரியம் என்ன?

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். மற்ற பிரிவுச் சீட்டுகள் விரித்தபடியே ஜன்னலுக்குள் வரும். பால்வினை நோய்ப் பிரிவான சுகவாழ்வு மையத்துச் சீட்டு மட்டும் நான்காக மடித்து வரும். அதற்கான மருந்துகள் வண்ணப் பெட்டிகளில் இருக்கும். சீழ் வடிந்தால் சாம்பல், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, நீர்க்கொப்புளத்துக்குச் சிவப்பு. சாம்பல் பெட்டியில் அஸித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம். ஒரே வேளை மருந்துதான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, என் கண்ணெதிரே விழுங்கச் சொல்வேன்.

ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவர், முப்பது வயதிருக்கும், விழுங்கிவிட்டு நகராமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, "அக்கா, இன்னொரு பெட்டி வேண்டும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "வீட்டில்" என்றார். அழைத்து வாருங்கள், டாக்டர் பார்க்க வேண்டும் என்றேன். "அவளுக்குத் தெரிய வேண்டாம் அக்கா. காப்பியில் பொடித்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அவள் கர்ப்பமா இல்லையா, எதுவும் தெரியாமல் காப்பியில் போடுவதா? அதையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார், போய்விட்டார். மூன்று மாதம் கழித்து அதே சாம்பல் பெட்டிக்கு அதே ஜன்னலில் வந்து நின்றார். இம்முறை மனைவியும் உடன் வந்திருந்தார்.

தங்கள் கட்டுரை தொடாமல் விட்ட இடம் இதுதான். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது. ஆணுக்குப் பல நேரம் எரிச்சல், சீழ் என்று ஏதாவது தெரியும். அதையும் உடம்புச் சூடு, நீர்க்கடுப்பு என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டு நாள் கடத்துவார்கள். பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தெரியாமலேயே கிருமி மேலேறிக் கருக்குழாயை அடைத்துவிடும். பிறகு பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றுவதும் அவள்தான், மலடி என்று பெயர் வாங்குவதும் அவள்தான். (இதைப் படித்துவிட்டு, வெள்ளைப்படும் மனைவியை யாரும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம். சாதாரணக் காளான் தொற்றாலும் வெள்ளைப்படும். அது வருவதற்கு வேறு யாரோடும் உறவு வைத்திருக்கத் தேவையில்லை.)

மேகப்புண் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். முதலில் வரும் புண் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். ஐந்தாம் மாதப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு, மேகப்புண்ணைக் காட்டும் வி.டி.ஆர்.எல். ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்று வந்தது. கணவரை வரவழைத்து விசாரித்தபோது, கல்யாணத்துக்கு முன்பு ஒரு புண் வந்ததாகவும், பறங்கிப்பட்டைச் சூரணம் தின்றதில் போய்விட்டதாகவும் சொன்னார். புண்தான் போயிருந்தது. பறங்கியர் கொண்டுவந்தது என்று நம் முன்னோர் இதற்குப் பறங்கிப்புண் என்று பெயர் வைத்தார்கள். அடுத்தவன் தலையில் கட்டும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு பென்சத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இரண்டு இடுப்பிலும் பாதிப்பாதியாக, வாரம் ஒன்றாக மூன்று வாரம் போட்டார்கள். வலிக்கிற ஊசி. போட்டபின் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்போம். கணவருக்கும் அதேதான்; அவர்தான் அதிகம் முனகினார். கவனிக்காமல் விட்டிருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்திருக்கலாம், அல்லது கண், காது, எலும்பு பாதிக்கப்பட்டுப் பிறந்திருக்கலாம். பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-இல். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. 1994-இல் அதற்கென்றே மாநில அளவில் ஒரு சங்கம் வந்தது. பிறகு 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் சுவரெல்லாம் கேட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். என் மாமியார்கூட யாரம்மா அந்தப் புள்ளிராஜா என்று கேட்டார். அந்தச் சத்தத்தில் எய்ட்ஸ் ஒன்றுதான் பால்வினை நோய் என்று ஊர் நினைத்துக்கொண்டது. வெட்டைக்கும் மேகப்புண்ணுக்கும் ஒரு புள்ளிராஜா கிடைக்கவில்லை. ஆனால் உடலில் புண் இருந்தால் எய்ட்ஸ் கிருமி நுழைவதும் எளிது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே ஒரு விளம்பரம். 'மேகவெட்டை, மேகப்புண் நிரந்தர குணம்', இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று. பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தங்கள் விளம்பரப் பிரிவுக்கு இது தெரியாதா? லாட்ஜுக்குப் போகாதவர்கள் மருந்துக் கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் நான்கு வாங்கி விழுங்குகிறார்கள். வெட்டைக் கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

ஆணுறையைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். 1968-லேயே மூன்று நிரோத் 15 பைசா என்று பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது அரசு. இன்றும் கடைக்காரர் அதை நாளிதழில் சுற்றித்தான் தருகிறார். எங்கள் தெருக் கடையில் தங்கள் நாளிதழ். எய்ட்ஸ், வெட்டை, கிளமிடியாவுக்கு ஆணுறை நல்ல காவல். உறை மூடாத இடத்தில் இருக்கும் புண்ணுக்கும் கொப்புளத்துக்கும் அவ்வளவு காவல் இல்லை. ஆகவே சந்தேகம் வந்தால் சோதனைதான் வழி. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எய்ட்ஸ் சோதனை இலவசம். சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். அந்த லாட்ஜ் விளம்பரம் வந்த இடத்தில், அதே அளவில், இந்த எண்ணை ஒரு வாரம் போடுவீர்களா?

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. சிறிய ஊர், என் பெயரைப் பார்த்தால், என் ஜன்னலில் மடித்த சீட்டை நீட்டியவர்கள் யார் யார் என்று கணக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
நாமக்கல் மாவட்டம்.