இடம் போட்டு வைத்தவர்களுக்கு

அன்புள்ள அரக்கோணம் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டி அக்காக்களே, அத்தைகளே, இன்னும் நான் கடன்பட்டிருக்கும் எல்லாருக்கும்,

வணக்கம். எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பில் தேறிவிட்டேன். செய்தியை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பத்தாவது நிமிடத்தில் ‘ட்ரீட் எப்போ?’ என்று வரிசை கட்டி வந்துவிட்டீர்கள். ட்ரீட் வைக்கக் கையில் காசில்லை. அதுவரை இந்த மடலை வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு நான் எந்த ஊர், என்ன படித்தேன் என்பதே சரியாகத் தெரியாது. ‘காலேஜ் பொண்ணு’ என்றுதானே இரண்டு வருடமாகக் கூப்பிட்டீர்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் ஊர் பழையனூர். திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த மண் என்று சம்பந்தரே கால் வைக்கத் தயங்கிய இடம் திருவாலங்காடு. எங்கள் பழையனூருக்கும் ஒரு கதை உண்டு. நீலி கதை. ‘உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று ஒரு வணிகனுக்கு வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள், பேயாக வந்த நீலி அவனைக் கொன்றுவிட்டாள் என்று தெரிந்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்களாம். இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஸ்டேஷன் பெயர் திருவாலங்காடு என்றாலும் ஊரிலிருந்து அது சில கிலோமீட்டர் தள்ளி. காலை ஆறு மணி வாக்கில் அரக்கோணத்திலிருந்து வரும் லோக்கலைப் பிடிக்க நான் நாலேகாலுக்கு எழ வேண்டும். அம்மா அதற்கும் முன்னால் எழுவாள். நன்றி சொன்னால் ‘போடி, வேலையப் பாரு’ என்பாள், ஆகவே அம்மாவுக்கு இந்த ஒரு வரி போதும். தம்பிக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மார்கழிப் பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பைக் ஓட்டுவான். அவன் கண் அசந்துவிடக் கூடாதே என்று நான் பின்னால் உட்கார்ந்து, முந்தின நாள் நடத்திய பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன். இப்படியே அவனுக்கும் சோழர் வரலாறு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பையன், முதலாம் குலோத்துங்கன் எப்படிப் பட்டத்துக்கு வந்தான் என்று கேட்டால் சொல்வான்.

வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். திரும்ப மூன்று. ‘ஹாஸ்டலில் சேர்ந்திருக்கலாமே’ என்று கேட்டவர்கள் நிறையப் பேர். சேர்ந்திருக்கலாம்தான். மாணவர் சலுகையில் எடுக்கும் சீசன் டிக்கெட்டின் விலையையும் சாப்பாட்டுக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

பி.ஏ. கடைசி வருடத்தில், 2022 செப்டம்பரில், புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்ததால் மாதம் 1000 ரூபாய் என் கணக்கில் விழுந்தது. அதில் கை வைக்காமல் சேர்த்ததுதான் எம்.ஏ. சேரும் செலவுக்கு ஆயிற்று. சென்னையில் மாநிலக் கல்லூரி. 1840-இல் தொடங்கிய கல்லூரி, எதிரே கடல். பறக்கும் ரயிலில் பார்க் டவுனில் ஏறினால் சேப்பாக்கத்தில் இறங்கிவிடலாம் என்று அப்பாவிடம் வரைபடம் போட்டெல்லாம் காட்டினேன். நான் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், 2023 ஆகஸ்ட் கடைசியில், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போடும் வேலைக்காக அந்தப் பகுதியில் பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஏழு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் சென்ட்ரல் வாசலில் என்னை ஏற்றிக்கொண்ட மாநகரப் பேருந்துகளுக்கு நன்றி. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மிச்சமான காசு ஜெராக்ஸ் கடைக்குப் போயிற்று. படியில் தொங்கிய என்னை ‘உள்ள வாம்மா, உனக்கு என்ன அவசரம்’ என்று தினமும் ஒரே வார்த்தையில் திட்டிய கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. அவசரம் இருந்தது அண்ணா, முதல் பீரியட் தொடங்கியிருக்கும்.

அந்த முதல் பீரியட் எடுத்த பேராசிரியருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் மாதத்திலேயே நாலைந்து முறை தாமதம். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று ‘டிரெயின் லேட் மேடம்’ என்பேன். ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ‘திருவாலங்காடா? செப்பேடு படிச்சிருக்கியா?’ என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் செப்பேடு இருந்த சங்கதியே இருபத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாது. 1905-இல் கிடைத்தவை, 31 ஏடுகள், ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கொடை. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். அதாவது என் ஊரைத்தான், அக்கா! மதியம் நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எங்கள் ஊரின் எல்லையைப் பெண் யானையை நடக்கவிட்டுக் குறித்திருக்கிறார்கள். பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி. அன்று சாப்பிட மறந்துவிட்டேன். சாயங்காலம் தம்பியின் பைக்கில் வரும்போது, ‘இந்த ரோட்டுல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு யானை நடந்திருக்கும்டா’ என்றேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தான். பயமா ஆசையா என்று இன்றுவரை சொல்லவில்லை.

‘ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் சொல்ல நினைத்த பதில் அந்த மதியம்தான். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் நின்றுகொண்டு அதையெல்லாம் சொல்ல முடியுமா? ‘டீச்சர் வேலை கிடைக்கும் மாமா’ என்று சொல்லிவிட்டுச் சாம்பார் ஊற்றப் போய்விடுவேன். அதுவும் பொய்யில்லை, இப்போது பி.எட். சேர்ந்திருக்கிறேன். படிப்பு சோறு போட வேண்டும் என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கரும்பு வெட்டியும் சாரம் ஏறியும் எங்களை வளர்த்த அப்பாவின் மகள் வேறு எப்படி நினைக்க முடியும். சோறு மட்டும்தான் போடும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

பெட்டிக்கு வருகிறேன். காலையில் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும், அரக்கோணத்தை விட்டுச் சில ஸ்டேஷன்கள்தானே ஆகியிருக்கும். சாயங்காலம் சென்ட்ரலில் லோக்கல் கிளம்பும் மூர் மார்க்கெட் பிளாட்ஃபாரத்தில்தான் போர். நான் மூச்சிரைக்க வரும்போது ஜன்னல் ஓரமாக ஒரு மஞ்சள் துணிப் பை உட்கார்ந்திருக்கும். கடம்பத்தூர் அக்காவின் பை. ஆள் வருது, ஆள் வருது என்று அவர் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரோ. (நம் பெட்டியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இறங்குகிற ஸ்டேஷன்தான் பெயர். இதிலும் சங்ககாலப் புலவர்கள் மாதிரிதான் நாம்.)

செவ்வாப்பேட்டை டீச்சர், உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பி.ஏ. வரை தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு எம்.ஏ. பாடப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். முதல் செமஸ்டரில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம். நீங்கள் செவ்வாப்பேட்டையில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கும்வரை தினமும் ஒரே ஒரு பக்கம், அதற்கு மேல் விடமாட்டீர்கள். அகராதியை எடுத்தால் கையில் ஒரு தட்டு. ‘முதல்ல வாக்கியத்தை முழுசாப் படி, அப்புறம் வார்த்தைக்கு வா.’ நீங்கள் இறங்கியதும் நான் திருட்டுத்தனமாக அகராதி பார்த்தேன், மன்னிக்கவும். அண்ணனூரில் ஏறும் அக்கா, என் குறிப்பு நோட்டின் மேல் பூ கட்டிய ஈரம் இன்னும் நாலு பக்கத்தில் மையைக் கரைத்து வைத்திருக்கிறது. அதற்கும் நன்றிதான், போங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, பரீட்சை நாட்களில் மழை என்றால் திருவல்லிக்கேணியில் என் வகுப்புத் தோழி வீட்டில் தங்கிவிடுவேன். அவள் அம்மாவை நானும் அம்மி என்றுதான் கூப்பிடுவேன். பெரிய மசூதிப் பக்கத்துச் சந்தில் ஒரே அறை, ஐந்து பேர். ஆறாவதாக நான். நான் படித்துக்கொண்டிருக்கும்வரை விளக்கை அணைக்கவிடமாட்டார். அவர் தூங்கினாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது உறைக்கிறது.

இனிச் சொல்லப்போவது உங்களில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

2024 அக்டோபர் கடைசியில் பறக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. அதே வாரம் நான் படிப்பை நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். கட்டட வேலையில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். திருவள்ளூரில் ஒரு துணிக்கடையில் வேலை பேசிவிட்டேன். பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலை ரயிலில் சாதாரணமாகத்தான் சொன்னேன், ‘அடுத்த வாரத்துலருந்து திருவள்ளூர் வரைக்கும்தான் வருவேன்’ என்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடம்பத்தூர் அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே வந்தார். அம்பத்தூர் போயிற்று, ஆவடி போயிற்று, திருநின்றவூர் போயிற்று. அறிவுரை வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. இறங்கும்போது மட்டும், ‘நீ நின்னுட்டா நான் யாருக்குப் பை போட்டு வைக்கிறது?’ என்றார்.

மறுநாள் காலை அவர் ஏறும்போது கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. எலுமிச்சை சாதம். டப்பாவுக்குக் கீழே ஒரு கவர், 5000 ரூபாய். நம் பெட்டியில் பத்துப் பேர் மாதம் 500 போட்டுக் கட்டும் சீட்டு. அந்த மாதம் எடுக்க வேண்டியது புட்லூர் அத்தையின் முறை. பேத்திக்குக் காது குத்தத் தேதி குறித்திருந்தார் என்று எனக்கே தெரியும். ‘காது எங்க ஓடிடப் போவுது, தை மாசம் குத்திக்கலாம்’ என்றார் அத்தை. அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் வழக்கம்போல வெங்காய விலைக்குப் போய்விட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டணம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, எட்டு மாதத்தில் சீட்டுப் பணத்தைத் திருப்பிவிட்டேன். புட்லூர் அத்தை வட்டியாக வாங்கிக்கொண்டது, பேத்தியின் காதுகுத்துக்கு நான் வந்து பந்தி பரிமாறியதை மட்டும்.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுதுக்கும் 28 சொச்சம் என்று 2021-22 கணக்கெடுப்பு சொல்கிறது. நாலாவது செமஸ்டர் கட்டுரைக்காக அந்த எண்ணை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. புட்லூரில் ஒரு குழந்தை மூன்று மாதம் தள்ளிக் காது குத்திக்கொண்டது எந்தப் பட்டியலில் வரும்?

கல்லூரி வளாகத்தில் உ.வே.சாமிநாதையர் சிலை இருக்கிறது. 1903 முதல் 1919 வரை அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த மனிதர், சீசன் டிக்கெட் இல்லாமலே. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அவருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் வந்தேன். நூலகத்தில் மூன்றாம் தொகுதியை நான் வருவதற்கு முன்பே எடுத்து மேசையில் வைத்துவிடும் உதவியாளர் அண்ணனிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அன்று அவர் விடுப்பு. அண்ணா, நன்றி.

இனி மிச்சமிருப்பது டப்பா. கடம்பத்தூர் அக்கா, எலுமிச்சை சாதம் வந்த உங்கள் டப்பா, மூடியில் பெயர் வெட்டியது, இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ‘நாளைக்குத் தரேன்’ என்று எத்தனை முறை வாக்குக் கொடுத்தேன். வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாது என்பாள் அம்மா. அதில் போட்டுத் தர ஏற்றதாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை, நாள் ஓடிவிட்டது. சொன்ன சொல்லுக்காக 70 பேர் தீயில் இறங்கிய ஊரிலிருந்து வந்துகொண்டு ஒரு டப்பாவைத் தராமல் ஏமாற்றினேன் என்று பேச்சு வந்தால் ஊருக்கே கெட்ட பெயர். அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை லோக்கலில் வருகிறேன். கடம்பத்தூரில் நீங்கள் ஏறும்போது ஜன்னல் ஓரத்தில் என் பை இருக்கும்.

இப்படிக்கு,
காலேஜ் பொண்ணு
(திருவாலங்காடு)