குடகில் மழை என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும்,

வணக்கம். ஒகேனக்கல்லில் மீன் வறுத்துக் கொடுக்கும் அக்கா எழுதுகிறேன். நீங்கள் மீனை வாங்கிக்கொண்டு வந்தால் மசாலா தடவி விறகடுப்பில் வறுத்து, குழம்பு வைத்து, சோறும் வடித்துத் தருவேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டுக்காரர் பரிசல் ஓட்டுகிறார். 2024-ல் காவிரி ஆறு எங்களை இரண்டு தடவை அடித்தது. முதலில் வராமல் அடித்தது, அப்புறம் வந்து அடித்தது. இரண்டு தடவையும் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களிடம் நேரில் நன்றி சொல்லப் போனால் "சும்மா இருக்கா" என்று கையை உதறிவிட்டுப் போகிறார்கள். அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

வெயில் காலத்தைச் சொல்லாமல் வெள்ளத்துக்குப் போக முடியாது. 2023-ல் மேலே கர்நாடகத்தில் மழை பொய்த்தது, கண்ணம்பாடி அணை (கிருஷ்ணராஜ சாகர்) நிரம்பவில்லை. பேப்பரைத் திறந்தால் காவிரி ஆணையம், நீதிமன்றம், டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடித் தண்ணீர்) என்றுதான் இருக்கும். கர்நாடகத்திலிருந்து வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவுக்கு வந்து சேரவேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தப் பிலிகுண்டுலு எங்களுக்கு அடுத்த மேல் ஊர். அங்கே மத்திய நீர் ஆணையத்துக்காரர்கள் அளந்து விடுகிற தண்ணீர்தான் நேராக எங்கள் துறைக்கு வருகிறது. இரண்டு மாநிலத்துக்கு வழக்காக இருக்கும் சங்கதி எங்களுக்கு அடுப்புச் சங்கதி.

2024 கோடையில் நொடிக்குச் சில நூறு கன அடிதான் வந்தது. அருவியில் பாறை தெரிந்தது, தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. எண்ணெய்க் குளியலுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு "இதுதானா அருவி?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

தண்ணீர் குறைந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பெங்களூருக் கழிவைச் சுமந்துகொண்டு விருஷபாவதி அர்க்காவதியில் விழுகிறது, அர்க்காவதி கனகபுரா பக்கம் சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. ஆறு நிறைய ஓடினால் அது கலந்து போய்விடும், தெரியாது. ஓட்டம் நின்றால் மடுக்களில் பச்சையாகத் தேங்கிவிடும். அந்தக் கோடையில் மீன் கழுவக்கூட நான் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்துவந்தேன். இதை வைத்துப் பெங்களூர்க்காரர்களைத் திட்டலாம் என்றால் எனக்கு வாய் வரவில்லை. பென்னாகரம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் அங்கே கட்டட வேலைக்குப் போகிறோம். அந்தச் சாக்கடையில் எங்கள் ஆட்கள் குளித்த தண்ணீரும்தானே வருகிறது.

அந்தக் கோடையில் எங்களுக்குச் சோறு போட்டவர் ஊட்டமலை மளிகைக்கடை அண்ணன். அரிசி, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாரே தவிர, மூன்று மாதமும் கூட்டல் போடவில்லை. "எவ்வளவு ஆச்சுண்ணா?" என்று கேட்டால், "கூட்டினா உனக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது, போம்மா" என்பார். அண்ணா, இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், தூக்கம் வரவில்லை. கால்வாசிதான் அடைத்திருக்கிறேன்.

அடுத்து வாத்தியார். பென்னாகரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுப்பு ஓரம் வந்து உட்காருவார். "நீர்வரத்து 5,000 கன அடி" என்று டி.வி.யில் சொல்வதை இருபது வருஷமாகக் கேட்டு வந்திருக்கிறேன். ஏறினால் கெட்டது, இறங்கினாலும் கெட்டது, நடுவில் இருந்தால் வியாபாரம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு நாள் அவர் அடுப்புக் கரியை எடுத்துப் பாறையில் ஒரு பெட்டி வரைந்தார். நீளம் ஒரு அடி, அகலம் ஒரு அடி, உயரம் ஒரு அடி. "இதுக்குள்ளே 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணி பிடிக்கும். உன் பிளாஸ்டிக் குடத்தில் ரெண்டு. ஒரு கன அடின்னா ஒரு நொடிக்கு ரெண்டு குடம் தண்ணி உன்னைத் தாண்டிப் போகுதுன்னு அர்த்தம்" என்றார். 5,000 கன அடி என்றால் கண் மூடித் திறப்பதற்குள் பத்தாயிரம் குடம். அதற்கப்புறம் எண்ணைக் கேட்டதும் எனக்குக் குடங்கள்தான் கண்ணில் தெரிகின்றன. பரிசல் துறையில் மற்ற பெண்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் குடத்தில்தான் பேசுகிறோம்.

இந்தக் கணக்கு ஜூலையில் உதவியது. ஆனால் கணக்குக்கு முன்னால் சேதி வரவேண்டும். சேதி சொன்னவர் என் பெரியம்மா மகன் அண்ணன். குடகில் காப்பித் தோட்டத்தில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்க்கிறார். காவிரி பிறக்கிற தலைக்காவிரி இருக்கிற மாவட்டம் அது. ஜூலை நடுவில் ஒரு ராத்திரி போன் செய்தார். பின்னால் தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. "விடவே மாட்டேங்குதும்மா. தோட்டத்துக்குள்ளே காலை வைக்க முடியலை. ஒடையெல்லாம் ரோட்டு மேலே ஓடுது. கரையில இருக்கிற சாமானைத் தூக்கிடுங்க." அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பொட்டு மழை கிடையாது. வானத்தில் நட்சத்திரம் இருந்தது. ஆற்றங்கரைக்காரிக்கு இதுதான் கஷ்டம். எங்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் மழை குடகில் பெய்கிறது, வயநாட்டில் பெய்கிறது.

வாத்தியாருக்குப் போன் போட்டேன். அவர் எங்களுக்கு மேலே இருக்கிற கண்ணம்பாடி, கபினி இரண்டு அணை நிலவரத்தையும் பார்த்துச் சொன்னார். கண்ணம்பாடி பெரியது, 49 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும், 124.80 அடி உயரம் வரை தேக்குவார்கள். கபினி அதில் பாதிகூட இல்லை, 19.52 டி.எம்.சி.தான். சின்னப் பாத்திரம் சீக்கிரம் வழியும். நிரம்பின பிறகு வருவதை அப்படியே கீழே விட்டுத்தான் ஆகவேண்டும். விட்ட தண்ணீர் எங்களுக்கு வந்து சேரக் கூடக்குறைய இரண்டு நாள். அந்த இரண்டு நாள்தான் எங்கள் கையில் இருக்கும் சொத்து. அண்ணன் போன் செய்ததால் அதற்கு மேலும் ஒரு நாள் கிடைத்தது.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு வந்த தம்பிமாரைச் சொல்லவேண்டும். எட்டுப் பேர். நான் கூப்பிட்டது இரண்டு பேரைத்தான். மூங்கில் பிளாச்சில் முடைந்து, பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசின பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தால், பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கால் முளைத்த ஆமை மாதிரி இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் அப்படி ஏழு ஆமைகள் வரிசையாக மேட்டுக்கு ஏறின. அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என் அடுப்புக் கற்கள், அண்டா, வாணல், பாய், பெஞ்சு. ஒரு தம்பி மசாலா டப்பாக்களைத் தன் லுங்கியில் கட்டிக்கொண்டு ஏறினான். இரண்டு நாள் கழித்து அந்த லுங்கியைத் துவைத்தும் மஞ்சள் போகவில்லை என்று அவன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். புது லுங்கி வாங்கிக் கொடுத்துவிட்டேன் அக்கா, கோபம் வேண்டாம்.

எட்டாவது பரிசல் எங்கள் வீட்டுக்காரருடையது. ஊட்டமலைத் துறையில் மரத்தில் கட்டியிருந்தது, "காலையில் எடுத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார். தண்ணீர் ஏறினதில் கயிறு அறுந்து போயே போய்விட்டது. அருவியில் விழுந்து சிம்பு சிம்பாகியிருக்கும் என்று நினைத்தோம். விழவில்லை. அக்கரைப் புதரில் சிக்கியிருந்ததை அங்கே இருக்கிறவர்கள் பார்த்து, இழுத்து மரத்தில் கட்டி, தண்ணீர் இறங்கினதும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அக்கரை கர்நாடகம். தண்ணீர்ப் பேச்சு சூடாக இருக்கும் மாதங்களில் இந்த ஆற்றைப் பற்றி இரண்டு பக்கமும் என்னென்னவோ பேசுகிறார்கள். பரிசலை எடுக்கப்போன வீட்டுக்காரருக்கு அவர்கள் ராகி உருண்டையும் சாறும் போட்டு அனுப்பினார்கள். எங்கள் தருமபுரிக் களிக்கும் அதற்கும் உப்பு மட்டும்தான் வித்தியாசம் என்றார் இவர். அக்கரை அண்ணன்மாருக்கு என் கும்பிடு.

வெள்ளத்துக்காகத் தடை போட்டதிலிருந்து வாரக்கணக்கில் அருவிக்கரைக்கு யாரையும் விடவில்லை. சரியாகத்தான் செய்தார்கள், நான் குறை சொல்லமாட்டேன். மழையிலும் தூற்றலிலும் தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவலர்களும், ராத்திரியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு கரையோரம் எச்சரித்தவர்களும் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்களா தெரியாது. அவர்களில் ஒருத்தர் தினமும் காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அன்றைய எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். நான் குடமாக்கிக்கொள்வேன். "அணை உடைஞ்சிருச்சு" என்று யாரோ செல்போனில் பரப்பிவிட்ட அன்று ஊரே ஓட்டமும் நடையுமாக இருந்தபோது, அவர்தான் வந்து "ஒண்ணும் உடையலை, திறந்துதான் விட்டிருக்காங்க, போய்ப் படுங்க" என்றார்.

ஜூலை கடைசியில் ஒன்றரை லட்சம் கன அடியையும் தாண்டியது. மூன்று லட்சம் குடம், நொடிக்கு. ஐந்தருவி எங்கே, பாறை எங்கே என்று தெரியாமல் ஒரே செம்மண் நிறத்தில் ஓடியது. ஜூலை 30 அன்று கீழே மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டது. டெல்டாவில் சந்தோஷப்பட்டிருப்பார்கள், படவேண்டியதுதான். அதே ஜூலை 30 விடிவதற்கு முன்னால்தான் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போயின. வாத்தியார் போனில் மெதுவாகச் சொன்னார். அந்த மழையும் நம் மழையும் ஒரே மழைதான். மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது சாலியாறாக மேற்கே கடலுக்குப் போனது, இந்தப் பக்கம் விழுந்தது கபினியாகி நம்மிடம் வந்தது. கடை போச்சே, கூலி போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்த நான் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை.

நாலாம் நாள் ஆடிப்பெருக்கு. ஆறு பெருகியதற்குப் பண்டிகை, ஆறு பெருகியதால் குளிக்கத் தடை. பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்தை நம்பித்தான் மகளின் காலேஜ் கட்டணத்தை வைத்திருந்தேன். அது போயிற்று.

அப்போதுதான் திருப்பூர்க் குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்னிடம் சாப்பிட்டவர்கள். அந்த வீட்டு அம்மா என் நம்பரை "ஒகேனக்கல் மீன் அக்கா" என்று போட்டு வைத்திருந்தாராம். டி.வி.யில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, கரையில் இருந்த கடை என்ன ஆயிற்று என்று கேட்கக் கூப்பிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கட்டண விஷயம் பேச்சுவாக்கில் வந்துவிட்டது. ராத்திரியே பணம் வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "இது உதவி இல்லைங்க, மீனுக்கு அட்வான்ஸ்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். மகள் இப்போது தருமபுரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

எங்கள் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் மஞ்சள் கறை. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கிற ஃபுளோரைடு செய்கிற வேலை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு பிறந்த பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அந்தக் குழாயைத் திறக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: உங்கள் குடத்து மழையும் குடகில்தான் பெய்கிறது, என் அண்ணனை நீங்களும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இன்று காலையிலும் போன் செய்தார். மழை விட்டுவிட்டதாம், ரோடு காய்ந்திருக்கிறதாம். வீட்டுக்காரர் பரிசலுக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

திருப்பூர் அம்மாவுக்கு: அட்வான்ஸ் கணக்குப்படி நான் உங்களுக்கு நிறைய மீன் பாக்கி. கட்லாவா, கெளுத்தியா என்று மட்டும் சொல்லுங்கள். ஆனால் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் அண்ணனிடம் மழையைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மீன் அக்கா,
ஒகேனக்கல், தருமபுரி மாவட்டம்