அம்மாவை எடுத்த காலை

அன்பு மகளுக்கு,

போன புதன்கிழமை காலையில் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உன் அம்மாவைக் குழியிலிருந்து எடுத்துவிட்டோம். போனில் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. நீ அழுதாய், நானும் பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

1998 நவம்பரிலிருந்து இந்தச் சிங்கப்பூரில் ஒரு குழிக்கு 15 வருஷம்தான் தவணை. அடக்கத்தன்றே எனக்கு அது தெரியும். நாம் குடியிருக்கும் வீவக அரசாங்க வீட்டுக்கு 99 வருஷம், அம்மாவுக்கு 15. தாத்தாவுக்கும் இதுதானே நடந்தது. பிடாடாரியில் படுத்திருந்தார், அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இப்போது உட்லீ ஸ்டேஷனில் இறங்கினால் அந்தப் பக்கம் புது வீடுகள், பால்கனியில் துணி காய்கிறது.

என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுவல்ல. கடைசி வாரத்தில் அம்மா என் கையைப் பிடித்து, "என்னை எரிச்சிராதீங்க" என்றாள். சரி என்றேன். இப்போது எலும்பை எடுத்தால் மண்டாய் தகனச்சாலையில் தகனம்தான், வேறு வழியில்லை. சொன்ன வாக்கை மீறுகிறேனே என்று பல ராத்திரி தூக்கமில்லை. ஒரு நாள் நம் சபை ஐயரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அன்னைக்கு நானும் வர்றேன்" என்றார். வந்தார்.

விடிந்தும் விடியாத நேரம். குழிக்கு மேல் கூடாரம் போட்டிருந்தார்கள். தோண்டிய பையன்களில் ஒருவன் புதுக்கோட்டைக்காரன். "ஐயா, அம்மாவுங்களா?" என்று கேட்டான். வீட்டுக்காரி என்றேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் குழிக்குள் இறங்கினான். ஒவ்வொரு எலும்பையும் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக் கொடுத்தான். பெட்டி மக்கியிருந்தது. நெஞ்சின் மேல் நான் வைத்த வேதாகமம் நினைவிருக்கிறதா, ஜிப் போட்ட கறுப்பு உறை? புத்தகம் மண்ணாகிவிட்டது. ஜிப் மட்டும் பச்சை பூத்து அப்படியே கிடந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போதுதான் யோசேப்பு நினைவுக்கு வந்தான். எகிப்தில் அத்தனை அதிகாரத்தோடு இருந்தவன், சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்று: தேவன் உங்களைச் சந்திக்கும்போது என் எலும்புகளை இங்கேயிருந்து கொண்டுபோங்கள். மோசே மறக்காமல் எடுத்துப் போனான். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அந்த எலும்புகளும் கூடவே போயின, கடைசியில் சீகேமில் அடக்கம் செய்தார்கள். வாக்குத்தத்தத்தை நம்பியவனின் எலும்பு ஓரிடத்திலேயே கிடக்கவேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை, அம்மாடி. அம்மாவை மண்ணிலிருந்து உண்டாக்கினவருக்கு மண்ணிலிருந்து எழுப்புவதும் ஒன்றுதான், சாம்பலிலிருந்து எழுப்புவதும் ஒன்றுதான். ஐயர் ஜெபித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் பயம் போயிருந்தது. அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், அவள் கோபிக்க மாட்டாள் என்றும் தெரிந்தது.

நீ போன மாதம் கேட்டாய்: வேலை போச்சு, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு, வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்குது, ஜெபம் பண்ண உட்கார்ந்தா வார்த்தையே வரலப்பா, கர்த்தர் கேக்குறாரா இல்லையா? அன்றைக்கு நான் ஏதோ வசனம் சொல்லி முடித்துவிட்டேன். அது தப்பு.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா போனபிறகு இரண்டு வருஷம் நான் ஜெபிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் போய் உட்காருவேன், பாட்டுப் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். கர்த்தர்மேல் அவ்வளவு கோபம். அந்த நாட்களில் சபையில் ஒரு பெரியவர் வியாழக்கிழமைதோறும் தேக்காவிலிருந்து இடியாப்பம் வாங்கிக்கொண்டு வருவார். பிரசங்கமெல்லாம் கிடையாது. சாப்பிடுவோம், அவர் சத்தமாக ஒரு சங்கீதம் வாசிப்பார், போய்விடுவார். ஒரு வியாழக்கிழமை, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று வாசித்தார். பதின்மூன்றாம் சங்கீதம். நான் சொல்லக் கூசியதை தாவீது கர்த்தர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறான், அதையும் ஜெபம் என்று வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்! அன்றிரவு நானும் அதையே சொன்னேன். அம்மா ஏன் போனாள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. கேட்க ஆள் இருக்கிறார் என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தது. உனக்கு வார்த்தை வராவிட்டால் அந்தச் சங்கீதத்தையே வாசி. ஆறே வசனம்தான்.

பிள்ளைக்கு மருந்து விடாமல் கொடு. பணம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அப்புறம், மண்டாயில் அஸ்தி மாடம் கிடைத்துவிட்டது, கண் மட்டத்திலேயே. பலகையில் பெயருக்குக் கீழே வசனத்துக்கு ஒரு வரி விடச் சொல்லியிருக்கிறேன். அதை நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா