டிகிரியை முடித்துவிட்டுப் போ, பாப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அம்மாயிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கி அனுப்புகிறேன். நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசினால் பாதி காதில் விழாது, மீதிக்கு இரண்டு பேரும் கோபப்படுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வகுப்பிலிருந்து சில பிள்ளைகள் ஓசூர்ப் பக்கம் செல்போன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், கையில் பதினைந்தாயிரம், தங்க இடம், சாப்பாடு, பஸ் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்கிறது என்று சொன்னாய். பொங்கலோடு படிப்பை நிறுத்திவிட்டு நீயும் போகட்டுமா என்று கேட்டாய். "பி.எஸ்சி. முடித்த அக்காவும் அதே லைனில்தான் வேலை பார்க்கிறாள், அப்புறம் எனக்கு எதுக்கும்மா இன்னும் ஒன்றரை வருஷம்?" என்றாய்.

கேள்வி நியாயமானதுதான். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எம்.ஏ. படித்த ஒரு பெண் நிற்கிறாள். காலையிலிருந்து பீஸைத் திருப்பித் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, ஓட்டையோ நூல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். பத்தாவது மட்டும் படித்த நான் பேட்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு ஷிப்டுக்கு வாங்குவதைவிட அவளுக்குக் கூலி குறைவு. இதைத் தினமும் பார்க்கிற நான், டிகிரி வாங்கினால் தானாக நல்ல வேலை வரும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஆனால் முதலில் கணக்கைப் பார். உன் படிப்புக்கு நாம் என்ன செலவு செய்கிறோம்? அரசுக் கல்லூரி. பரீட்சைக் கட்டணம், நோட்டு, ஜெராக்ஸ், அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நீ அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் அக்கவுண்ட்டுக்கு வருகிறது. அந்தத் திட்டம் முன்பு எப்படி இருந்தது தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவியாகத் தொடங்கினார்கள். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் டிகிரி முடித்தவர்களுக்கு 50,000 ரூபாயும் என்று வளர்ந்தது. 2022இல் அதையே பெண்கள் மேல்படிப்புக்கு என்று மாற்றினார்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அம்மா அவர். அவர் பெயரில் வருகிற பணம் கல்யாணத்துக்கு வருவதைவிட உன் படிப்புக்கு வருவதுதான் எனக்கு நிறைவாக இருக்கிறது. படிப்பை விட்டால் அதுவும் நின்றுவிடும்.

ஆக, உன் படிப்பின் விலை அந்த ஒன்றரை வருஷச் சம்பளம்தான். மாதம் 15,000 என்றால் 2,70,000 ரூபாய். அது சின்னப் பணம் இல்லை. அதை வைத்து நகைக்கடனை அடைக்கலாம், வீட்டுக்கு ஓடு மாற்றலாம். நீ அதை நினைத்துத்தான் கேட்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். உங்கப்பாவும் நானும் இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்டிவிடுவோம் பாப்பா. அந்தப் பாரத்தை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தக் கம்பெனி உன்னை எதற்காகக் கூப்பிடுகிறது என்று யோசி. உன் கணக்குப் பாடத்துக்காக இல்லை. உன் வயதுக்காக. நல்ல கண், நடுங்காத விரல், எட்டு மணி நேரம் நிற்கிற கால், வீட்டில் குழந்தை இல்லாத நிலை, இவ்வளவும் பத்தொன்பது வயதில் ஒன்றாக இருக்கும். இருபத்தொன்பதில் இருக்குமா? அந்த வேலையில் இருக்கிறவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை. நானும் அப்படிப் போனவள்தான்.

உன்னிடம் மில்லைப் பற்றி நான் அதிகம் பேசியதில்லை. பத்தாவது முடித்ததும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு எங்கள் ஊரிலிருந்து வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். சுமங்கலித் திட்டம் என்று அப்போது ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டுவார்கள். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம் மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும். எனக்கு நூல் ஒட்டுகிற வேலை. மிஷினின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துகொண்டே, அறுந்த நூலை விரலால் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்ததுக்கு ஓட வேண்டும். மூக்கு, காது, கண் இமை எல்லாம் பஞ்சு. இரவு ஷிப்டில் தூங்கிவிடக் கூடாது என்று நாங்கள் பாட்டுப் பாடிக்கொள்வோம். என்னோடு வந்த ஒரு பிள்ளைக்கு மூன்றாவது வருஷம் மூச்சிரைப்பு வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் முடியவில்லை என்று சொல்லி அந்த மொத்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. நான் முடித்தேன், வாங்கினேன். அந்தப் பணம் ஒரே கல்யாணத்தில் தீர்ந்தது. அந்த மூன்று வருஷ வேலையைக் காட்டி வேறு எந்த வேலைக்கும் என்னால் போக முடியவில்லை. தையலைத் திருப்பூர் வந்துதான் முதலிலிருந்து கற்றேன்.

ஓசூர் கம்பெனி அந்த மில்லைப் போல இருக்காது. பி.எஃப். இருக்கும், சட்டப்படி ஷிப்ட் இருக்கும், நீ வேண்டாம் என்றால் வந்துவிடலாம். ஆனாலும் சில வருஷம் கழித்து கையில் என்ன மிச்சம் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

டிகிரி இருந்தால் என்ன மிச்சம் என்று கேட்பாய். பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றால் டி.என்.பி.எஸ்.சி.யில் குரூப் 4 எழுதலாம். 2024இல் அதற்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். டிகிரி இருந்தால் குரூப் 2, குரூப் 1, போலீஸில் எஸ்.ஐ., பேங்க் கிளார்க், ஆபீசர் பரீட்சைகள், மேலே பி.எட். எல்லாம் திறக்கும். அங்கேயும் லட்சக்கணக்கில்தான் போட்டி, கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. குரூப் 2இல் பல பதவிகளுக்கு நம்மைப் போன்ற பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு மேல் வயது வரம்பே இல்லை. கல்யாணமாகி, குழந்தை பெற்று, முப்பத்தைந்து வயதிலும் நீ எழுதலாம். லைனில் நிற்பதற்கு அந்த வயதில் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

இன்னொன்று. தமிழ் வழியில் படிக்கிறோம், யார் மதிப்பார்கள் என்று போன வருஷம் அழுதாய். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய தகுதிப் படிப்பு வரை தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. 2010இல் சட்டமாக வந்தது, 2020இல் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். நீ அதற்கு முழுத் தகுதி உள்ளவள். இன்னும் மூன்று செமஸ்டர்தான் பாக்கி. குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்வியில் 25 கேள்வி கணக்கும் அறிவுத்திறனும். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் கோச்சிங் போகிறார்கள். உனக்கு அது விளையாட்டு.

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் முடிக்கிறேன் என்கிறாய். சிலர் முடிக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் நீ படிப்பது கணிதம். ஷிப்ட் மாறி மாறி வரும்போது விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து இயற்கணிதமும் பகுப்பாய்வும் யாரைக் கேட்டுப் புரிந்துகொள்வாய்? உன் வாத்தியார்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள், பாதி வகுப்பு நடப்பதில்லை என்று சொல்கிறாய். பல அரசுக் கல்லூரிகளில் அதுதான் நிலைமை, மாற வேண்டும். ஆனாலும் ஓடிப் போய்க் கேட்க ஒரு ஆள் அங்கே இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்ட ஒரு தோழி இருக்கிறாள். நூலகம் இருக்கிறது. அப்புறம், நீ கல்லூரிக்குப் போகிற வரைக்கும் மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று உன் பெரியப்பா வாய் திறக்க மாட்டார். நின்றுவிட்டாய் என்று தெரிந்த மறுநாளே ஜாதகம் கேட்பார். அதை நான் இங்கிருந்து எத்தனை நாள் தடுக்க முடியும்?

எல்லாருக்கும் நான் இதையே சொல்கிறேன் என்று நினைக்காதே. தம்பி ஐ.டி.ஐ. போகிறேன் என்கிறான், நான் சரி என்றுவிட்டேன். அவனுக்குக் கையில் வேலை வரும், ஃபிட்டர் முடித்துவிட்டு அப்ரண்டிஸ் போகட்டும், பிறகு ஆசை இருந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். எங்கள் காம்பவுண்டில் ஒருவர் நிலத்தை அடகு வைத்துப் பையனை எங்கோ ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தார். அரியர் பாக்கி, டிகிரி கையில் வரவில்லை, வட்டி மட்டும் ஏறுகிறது. அந்த மாதிரிப் படிப்பு என்றால் நானே உன்னை வேலைக்கு அனுப்பியிருப்பேன். கடன் இல்லாமல், ஊரிலிருந்தே, உனக்குப் பிடித்த பாடத்தைப் படிக்கிறாய். இதை விடுவதற்குத்தான் எனக்கு மனசு வரவில்லை.

படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா போய் வந்தாலும் பிரயோஜனமில்லை. கல்லூரியில் அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தால் விடாதே. இங்கிலீஷ் பேப்பரைத் தினம் ஒரு பக்கம் சத்தமாகப் படி, அம்மாயி கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஆறாவது செமஸ்டர் முடிந்த பிறகும் ஓசூர் போக வேண்டும் என்று தோன்றினால் நானே லீவு போட்டு உன்னோடு வருகிறேன். இப்போதைக்கு அந்த ஆள் எடுப்பு நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்பு. வயது எது முதல் எது வரை என்று போட்டிருக்கிறார்கள், வேலை உத்தரவு கம்பெனி பெயரில் வருகிறதா, ஏஜென்சி பெயரில் வருகிறதா என்று போன உன் தோழியிடம் கேள். மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் சொல். அரியர் ஏதாவது விழுந்திருந்தால் மறைக்காதே, ஏப்ரலில் சேர்த்து எழுதப் பணம் கட்ட வேண்டும், நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா