பழைய வீட்டின் உறுதியை ஆய்ந்து சொல்ல ஓர் ஏற்பாடு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடு ஒன்றை வாங்க எண்ணும் குடும்பத்துக்கு அதன் பத்திரங்களைப் படித்துப் பார்த்துச் சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம், வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்க ஊரறிந்த முறையும் இருக்கிறது. ஆனால், அந்த வீட்டின் சுவரும் மாடியும் இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்கும், எதை உடனே மாற்ற வேண்டும், எதை அப்படியே விடலாம், செலவு ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் நேரில் பார்த்து, எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் ஆள் சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. அரசும் வங்கிகளும் மனம் வைத்தால் இந்தக் குறையை நீக்கிவிடலாம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள் 1940-களில் கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்குவதா, விட்டுவிடுவதா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கிணறு என்று நீளவாக்கில் அமைந்த வீடு. என் மாமியாருக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. படுக்கை, சமையல், குளியல் எல்லாம் தரைத்தளத்திலேயே அடங்கிய வீடு எங்கள் சக்திக்கு உட்பட்ட விலையில் இதைத் தவிர வேறு அமையவில்லை. விற்பவர்கள் உடன்பிறந்தோர் நால்வர், வெளியூர்களில் இருக்கிறார்கள். நால்வரும் வந்து கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்கள். பத்திரத்தில் குறையொன்றும் இல்லை என்று வழக்கறிஞரும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே இப்போது எங்கள் முன் நிற்கும் கேள்வி கட்டடத்தைப் பற்றியது மட்டுமே.

மாடி, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய முறையில் போடப்பட்டது. சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நெட்டுக்குத்தாகக் குறுக்குச்சாய்வில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கூடத்தில் தேக்குக் கட்டை, பின்கட்டில் பனங்கட்டை. எங்களுக்குத் தெரிந்த வயதான தச்சர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டினோம். ஏணி போட்டு ஏறிய அவர், கூடத்துக் கட்டை ஒன்றின் நடுவில் சுத்தியலால் தட்டினார்; கணீரென்று சத்தம் வந்தது. பிறகு அதே கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது விரல் நீளத்துக்கு உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தபோது காப்பித்தூள் போலப் பழுப்பாக மரத்தூள் உதிர்ந்தது. "நடுவுல எத்தனை தட்டினாலும் நல்லாத்தான் சொல்லும் தம்பி, செவுத்துக்குள்ள போற முனையத்தான் பாக்கணும்" என்றார். மாடியில் விழும் மழைநீர் கைப்பிடிச் சுவரின் அடியில் கசிந்து, சுவர் வழியாகவே இறங்கி, கட்டையின் முனையில் தேங்குவதால்தான் அங்கே முதலில் உளுத்துப்போகிறது என்று விளக்கினார். ஆனால், அப்படி எத்தனை முனைகள் கெட்டிருக்கின்றன என்று சுவரைக் குடைந்து பார்க்காமல் சொல்ல முடியாது. விலை பேசி முடிக்காத வீட்டில் சுவரைக் குடைய விற்பவர்கள் சம்மதிப்பார்களா என்பதும் கேள்விதான்.

சுவர்களிலும் இதே குழப்பம். வீதிப் பக்கத்துச் சுவருக்கு யாரோ பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு முழங்கால் உயரம் வரை உப்பு பூத்துப் பொருக்கு விட்டிருக்கிறது; தட்டினால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கிறது. பின்கட்டில், பழைய சுண்ணாம்புப் பூச்சு கைபடாமல் இருக்கும் சுவரோ காய்ந்து கெட்டியாக நிற்கிறது. சுண்ணாம்புக் காரை உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்து வைத்து மேலே ஏறச் செய்யும். அதோடு, வீதியில் தார்ச்சாலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் போட்டு, வீட்டின் நிலைப்படி இப்போது சாலை மட்டத்துக்கு இறங்கிவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அது எல்லாத் தெருக்களிலும் நடைபெற்றால் எத்தனையோ பழைய வீடுகள் பிழைக்கும்.

இத்தனையும் பழுதுபார்க்கக் கூடியவையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்கிறார். இன்னொருவர் மாடிமேல் ரசாயனப் பூச்சு அடித்தால் போதும் என்கிறார். தரகரோ "மனைக்குத்தான் விலை சார், வீடு இனாம்" என்கிறார். வங்கி மதிப்பீட்டாளர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டடத்தின் வயதைக் கொண்டே அதற்கு மதிப்பில்லை என்று முடிவு செய்தார். கட்டை முனைகளை அவர் பார்க்கவேயில்லை. மனை மதிப்புக்கு மட்டும் வீட்டுக்கடன் தர இயலாது என்றும், இடித்துக் கட்ட வரைபட அனுமதி வாங்கி வந்தால் பரிசீலிக்கிறோம் என்றும் வங்கியில் தெரிவித்தார்கள். கடன் தீரும் காலத்துக்குப் பிறகும் கட்டடம் நிற்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்ப்பதில் தவறில்லை. பாதுகாக்க வேண்டியது மக்கள் பணம். ஆனால், நிற்குமா நிற்காதா என்பதை ஆய்ந்து அறியாமல், வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

வரிச் சட்டமும் இடிப்பவர் பக்கமே சாய்கிறது. வருமான வரியின் பழைய முறையில், சொந்தக் குடியிருப்பை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதே வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டிக்கு 30,000 ரூபாய்தான். முத்திரைத்தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டையும் பொதுவாக வாங்குபவர் தம் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டியிருக்கிறது. சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் நிலையில், பழுதுச் செலவு மூன்று லட்சமா பன்னிரண்டு லட்சமா என்று தெரியாமல் ஒரு குடும்பம் எந்தத் தைரியத்தில் முன்பணம் கொடுக்கும்? இப்படிப் பயந்து ஒதுங்கும் குடும்பங்களுக்குப் பின்னால் வருபவர்கள் மனைக்காக வாங்கி, தேக்குக் கட்டையையும் கதவு நிலையையும் கழற்றி விற்றுவிட்டு, மீதியை இடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இது நடந்து வருகிறது.

நான் கேட்பது புதுமையான ஒன்றல்ல. கட்டடத்துடன் கூடிய சொத்தைப் பதிவு செய்தால், பதிவுத் துறையினர் களத்துக்கு வந்து கட்டடத்தின் பரப்பு, கூரை வகை, வயது ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். அது தீர்வை குறையாமல் வசூலாக வேண்டும் என்பதற்கான ஆய்வு. குடியேறப் போகும் குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் தெரியவராது. தனியார் பள்ளிகள் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று தர வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்ய உத்தரவிடப்பட்டது. பள்ளிக்குச் செய்ய முடிகிற ஆய்வை, கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் செய்ய முடியும். இங்கிலாந்தில் பழைய வீடு வாங்குவோர், தகுதி பெற்ற சர்வேயரை அமர்த்தி, வீட்டின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ற விரிவான அறிக்கையைப் பெற்ற பிறகே விலையை முடிவு செய்வது பரவலான வழக்கம்.

நம்மிடம் அதற்கான அறிவும் இல்லாமல் போகவில்லை. மெட்ராஸ் டெரஸ் மாடிக்கென்றே ஐ.எஸ். 2119 என்ற விதித்தொகுப்பை இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டிருக்கிறது. அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கட்டடவியல் துறைகள் இருக்கின்றன. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்றும் கிடைக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, ஒரு பேராசிரியரும் அனுபவமுள்ள தச்சரும் கொத்தனாரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க ஏற்பாடு செய்தால் போதும். ஒவ்வொரு கட்டையின் முனையும், சுவரின் ஈரமும், மாடியின் நீர்வாட்டமும், கரையான் ஏறிய இடமும் அந்த அறிக்கையில் வர வேண்டும். உடனே செய்ய வேண்டிய வேலை எது, ஐந்தாண்டு பொறுக்கக் கூடியது எது என்று பிரித்து, மதிப்பீட்டுத் தொகையோடு எழுதித் தர வேண்டும். குடியிருக்கத் தகுதியற்றது என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதட்டும். அப்படி வந்தால் நாங்கள் மனம் வருந்தினாலும் விலகிக்கொள்வோம். அந்த அறிக்கையை வங்கிகள் மதிப்பீட்டுக்கு ஏற்றுக்கொண்டு, வாங்கும் தொகைக்கும் பழுதுபார்க்கும் தொகைக்கும் சேர்த்து ஒரே கடனாக, வேலை முடிய முடியத் தவணையாக வழங்க வேண்டும். புதிதாகக் கட்டுவோருக்கு அப்படித்தானே வழங்குகிறார்கள்?

ஆய்வுக்கான கட்டணத்தை வாங்குபவரே ஏற்கட்டும். விற்பவர் விரும்பினால் முன்கூட்டியே அறிக்கை பெற்று வைத்துக்கொண்டு விலை பேசட்டும். சுவரைக் குடைவது பற்றிய தயக்கமும் அதனால் தீரும். ஆவணியில் பத்திரம் போடலாம் என்று எங்களிடம் சொல்லியிருக்கும் நால்வரும் இதற்கு உடன்படுவார்கள் என்றே நினைக்கிறேன். பதிவுத் துறையும் உயர்கல்வித் துறையும் மாநில அளவிலான வங்கியாளர் குழுவும் கலந்து பேசி, முதற்கட்டமாகப் பழைய வீடுகள் மிகுந்த தஞ்சாவூர், சிவகங்கை மாவட்டங்களிலாவது இதைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.