ஒன்பது ஆண்டுக்கு ஒரு பத்தாண்டு

மன்னார்குடி,
5.1.2020

அன்புள்ள கணேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. சம்பா பழுத்து நிற்கிறது. பொங்கல் கழிந்ததும் அறுப்பு மெஷின் வரும் என்கிறார்கள். வயலில் இறங்கினால்தான் நம்புவேன்.

இந்தப் பத்தாண்டின் சிறந்த தமிழ்ப் படங்கள் என்று விமர்சகர்கள் போட்டதாக நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். 2011இல் எண்ணத் தொடங்கி 2019இல் முடித்திருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுக்கு ஒரு பத்தாண்டு! கடன் கொடுத்தவன் இப்படிக் கணக்குப் பார்த்தால் நீ விடுவாயா? வெட்டி எறிந்த அந்த 2010இல்தான் 'களவாணி' படம் வந்தது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

ஆடுகளம், ஆரண்ய காண்டம், விசாரணை, பரியேறும் பெருமாள் எல்லாம் இருக்க வேண்டியவை; அதில் எனக்குச் சண்டையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடைசியில் ஒப்புக்குச் சேர்த்திருப்பதுதான் பொறுக்கவில்லை. ஏலக்காய் மூட்டை சுமந்து, ஒரு துண்டு நிலம் வாங்கிவிடலாம் என்று உழைத்த ரங்கசாமி, கடைசியில் அதே மண்ணில் நட்ட காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். நிலம் கைவிட்டுப் போன வீடுகளை நம் தெருவிலேயே பார்த்தவன் நான். படம் முடிந்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. என்னைக் கேட்டால் முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

96 உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டினால் போதும், உனக்குக் கண் கலங்கிவிடும். நல்ல படம்தான், பாதி நீளம் போதும். ஜானு கரண்ட் போன இருட்டில் பாடும் இடத்தை மட்டும் தொடவே கூடாது. அது தியேட்டருக்கு வந்த அடுத்த மாதமே கஜா புயல் வந்து நம்மை நாள் கணக்கில் இருட்டில் உட்கார வைத்தது, பாடத்தான் ஆளில்லை.

களவாணிக்கு வருகிறேன். கிராமம் என்றாலே தேனி, மதுரை, கையில் அரிவாள் என்று இருந்த காலத்தில், அதன் இயக்குநர் சற்குணம் நம் பக்கத்து வயலையும் வரப்பையும் காட்டினார். அப்பா துபாயிலிருந்து அனுப்பும் பணத்தை அம்மாவை மிரட்டிப் பிடுங்கித் தின்னும் பிள்ளை. ஆவணி பிறந்தால் அவன் தலையெடுத்துவிடுவான் என்று ஜோசியத்தை நம்பிக் கிடக்கும் தாய். இந்த இரண்டு பேரும் இல்லாத ஊர் மன்னார்குடியைச் சுற்றி எங்கே இருக்கிறது? அதே சற்குணம் அடுத்த ஆண்டு 'வாகை சூட வா'வில் செங்கல் சூளைப் பிள்ளைகளைக் காட்டினார், தேசிய விருது கிடைத்தது. உன் பட்டியலிலும் அதற்கு இடம் இருக்கிறது. அழவைத்தால் கலை, சிரிக்கவைத்தால் பொழுதுபோக்கு என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொரு கேள்வி. விசாரணை வெனிஸ் விழாவுக்குப் போனது 2015இல், நம் தியேட்டருக்கு வந்தது 2016இல். டூ லெட் விருது வாங்கிய பிறகுதான் 2019இல் வெளியானது. எந்த ஆண்டைக் கணக்கில் எடுப்பது? உன் விமர்சகர்களைக் கேட்டு எழுது.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? உன் கையால் எழுதிய பத்துப் படங்களோடு வா. அம்மாவுக்குச் சென்னையில் கிடைக்கும் அந்தத் தைலத்தையும் மறக்காதே.

அன்புடன்,
சேகர்